கரை சூப்பர்வைசர்

மூன்று நாட்களாக எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீன் வைக்க இடமில்லை. முழுக்க ஐஸ் பைகள். ஒரே ஆள் தினமும் ஐந்து பை ஐஸ் வாங்கிப் போவதைப் பார்த்த கீழ்க்கடைக்காரர், "வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் என்னவென்று சொல்வது? என் வீட்டுக்காரர் தியாகுவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு கட்டுமான கம்பெனியில் பிளானிங் இன்ஜினியர். அவர் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த ஐஸையெல்லாம் பாத்டப்பில் கொட்டி, அதற்குள் கழுத்தளவு உட்கார்ந்து, கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு குளிர் பழகுகிறார் என்று சொன்னால் இந்தக் குவைத் அப்பாசியாவில் யார் நம்புவார்கள்? எல்லாரும் நல்லாருக்கோம் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

இந்த டைவிங் பைத்தியம் போன மே மாதம் பிடித்தது. அதற்கு முன் இரண்டு வருடம் அவர் வீட்டில் இருந்ததே தெரியாது. பிரஷர் மாத்திரை, டிவி, சாப்பாடு, படுக்கை. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில். டாக்டர் நீந்தச் சொன்னார். நீச்சல் குளத்தில் ஆரம்பித்தது சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதில் போய் நின்றது. அவரோடு அதே ஆபீஸில் சேஃப்டி ஆபீசராக இருக்கும் சதக்கத்துல்லாவும் சேர்ந்துகொண்டார். சதக்கத்துல்லாவுக்குக் கீழக்கரை. நாற்பது வயது வரை நீந்தத் தெரியாத ஒரே கீழக்கரைக்காரன் நான்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். லைசென்ஸ் கிடைத்த அன்று தியாகு குளியலறையில் பாடினார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் பாடி அன்றுதான் கேட்டேன். கேட்கச் சகிக்காத குரல்தான். ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். அதனால்தான் பிறகு எதற்கும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனது.

மே மாதத்துக் குவைத் கடல் ஆறிப்போன ரசம் மாதிரி இருக்கும். ஜனவரியில் அப்படி இல்லை. பதினைந்து டிகிரி. ஆனால் குளிர்காலத்தில் ஜெல்லி மீன் தொல்லை இருக்காது, தண்ணீரும் தெளிந்திருக்கும், போயே தீர வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். படகு கிடையாது, கரையிலிருந்தே நடந்து இறங்குவது. இடமும் புதிது. மாஸ்டர் இல்லாமல், தெரியாத இடத்தில், ஐஸ் தண்ணீரில், இவர்கள் இரண்டு பேர் மட்டும். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். போகிறவர் திரும்பி வர வேண்டும்.

தியாகு பயம் போகப் பிளான் போடுவார். கட்டடத்துக்குப் போடுகிற மாதிரியே இதற்கும் ஒன்பது பக்கத்தில் ஒரு பிளான் போட்டார். எத்தனை நிமிடம் இறங்க, எத்தனை நிமிடம் திரும்ப, சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கும்போது திரும்ப வேண்டும், கை மரத்தால் என்ன செய்வது, எல்லாம் கட்டம் கட்டமாக. எங்கள் மகள் ஷ்ருதி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, திஸ் இஸ் லாங்கர் தேன் தி டைவ்" என்றாள். நாலாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. ஷோர் சூப்பர்வைசர்: திருமதி ராதா தியாகராஜன். கரையில் உட்கார்ந்து கடிகாரம் பார்க்க வேண்டும், பன்னிரண்டே காலுக்குள் தலை தெரியாவிட்டால் கோஸ்ட் கார்டுக்கு போன் செய்ய வேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது. இந்தியன் ஸ்கூலில் கே.ஜி. பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பவள் நான். அந்தத் தகுதி போதும் என்றார்.

சனிக்கிழமை டைவ். முதல் நாள் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மூன்று பேரும் இடம் பார்க்கப் போனோம். தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். பாலைவனம் முழுக்கக் குளிர்காலக் கூடாரங்கள். கடலோரம் பணக்காரர்கள் லீவுக்கு வந்து தங்கும் ஷாலே வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. அதில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, சந்து முடிந்தால் சின்ன வளைகுடா. இரண்டு பக்கமும் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் சுவர் மாதிரி நீட்டியிருந்தார்கள். இரண்டு சுவரும் சேராமல், ஒரு லாரி நுழைகிற அளவுக்கு நடுவில் இடைவெளி. அதற்கு வெளியே பெருங்கடல். இடைவெளிக்குப் பக்கத்தில் உள்பக்கமாக ஒரு பழைய படகு மூழ்கிக் கிடக்கிறதாம், அதில் மீன் கூட்டமாக அடைந்திருக்குமாம். அதைப் பார்க்கத்தான் இத்தனை ஐஸும்.

ஓரத்து ஷாலேயின் ஹாரிஸ், அதாவது காவல்காரர், அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கோரக்பூர் பக்கத்து மனிதர். பதினோரு வருடமாக அதே கரை. குரங்குக் குல்லாய், முதலாளி கழித்துவிட்ட லெதர் கோட்டு. தியாகு அவரிடம் போய் சைட் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். நான் காரில் இருந்தேன், ஷ்ருதி போனில் சோற்றுக்கு எத்தனை விசில் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சதக்கத்துல்லா கார் மறைவில் அஸர் தொழுதுகொண்டிருந்தார். திரும்பி வந்த தியாகுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எந்த ஆப்லயும் இல்லாத விஷயம் ராதா. நாளைக்குப் பன்னெண்டே முக்கால் வரைக்கும் உள்ள தண்ணி குளம் மாதிரி நிக்குமாம். அதுக்கப்புறம்தான் வத்த ஆரம்பிக்கும். வத்தும்போது மொத்தத் தண்ணியும் அந்த எடைவெளி வழியாத்தான் வெளிய போகணும், ஆளையே இழுத்துட்டுப் போயிடும்ங்கறாரு."

"ஆப்ல எத்தனை மணி போட்டிருக்கு?"

"அது துறைமுகத்துக் கணக்கு. பதினொன்னு பத்துன்னு போட்டிருக்கு. இது சின்ன வாய், தண்ணி எறங்க நேரமெடுக்கும்ல? கணக்கு சரியா வருது."

பிளானிலேயே எழுதிக்கொண்டார். பதினொன்று இருபதுக்கு இறக்கம். பதினைந்து நிமிடத்தில் இடைவெளி. அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் மீன். பன்னிரண்டு ஐந்துக்குக் கரை. தண்ணீர் இழுக்க இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம். அந்த நாற்பது நிமிடத்துக்குச் சிவப்பு மையில் ஒரு கட்டம் போட்டு 'பாதுகாப்பு' என்று எழுதினார். எனக்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சனிக்கிழமை வெயில் இருந்தது, சூடு இல்லை. கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிய காற்று என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அந்தத் தடித்த ரப்பர் சட்டைக்குள் நுழைய அரை மணி நேரம் ஆனது. தியாகுவின் தொப்பைக்கு மேல் ஜிப்பை ஏற்ற நானும் சதக்கத்துல்லாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். குளிருக்காகத் தலையையும் காதையும் சேர்த்து மூடும் உறை ஒன்று. அதை மாட்டியதும் இரண்டு பேரும் கடையில் தொங்கும் உரித்த கோழி மாதிரி முகம் பிதுங்கி நின்றார்கள். ஒருவர் சிலிண்டரை ஒருவர் சோதித்தார்கள். தியாகு காகிதத்தில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். கடைசியாக என்னிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு, "பன்னெண்டே கால்" என்றார்.

"தெரியும், போயிட்டு வாங்க."

நடந்தார்கள். அங்கே ஆழம் சட்டென்று வராது, வெகுதூரம் முழங்கால்தான். குளிரில் இரண்டு பேரும் தோளை உயர்த்திக்கொண்டு, காலில் மாட்டும் துடுப்பைக் கையில் பிடித்தபடி போனார்கள். சதக்கத்துல்லாவின் பின்னால் கயிற்றில் கட்டிய ஆரஞ்சு மிதவை ஒன்று மிதந்து போனது. கீழே ஆள் இருக்கிறது என்று மேலே காட்டுவதற்காம். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தேன்.

ஹாரிஸ் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தார். கடலில் போகிறவர்களைப் பார்த்தார். "கித்னே பஜே, மேடம்?" என்று மணி கேட்டார். நான் ஊரில் இந்திப் பரீட்சை நாலு எழுதிப் பாஸ் செய்தவள். வாய் திறந்து பேசத்தான் வராது. தியாகு அதற்குக் கேலி செய்வார். யோசித்து, "கியாரா பீஸ்" என்றேன். பதினொன்று இருபது.

"அச்சா," என்றார். "பௌனே பாரா கோ பச்சீஸ் மினட் பாக்கி. ஜல்தி நிகல்னே கோ போலியே." சொல்லிவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நானும் சிரித்துத் தலையாட்டினேன். இருபத்தைந்து நிமிடம் பாக்கி, சீக்கிரம் வெளியே வரச் சொல்லுங்கள். டீயை ஊற்றினேன். ஒரு வாய் குடித்தேன். பதினொன்று இருபதோடு இருபத்தைந்து. கே.ஜி. பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. பதினொன்று நாற்பத்தைந்து. பௌனே பாரா.

டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பாடப் புத்தகத்தின் பக்கம் அப்படியே கண் முன்னால் வந்தது, கடிகாரப் படம் போட்ட பக்கம். பாரா என்றால் பன்னிரண்டு, பௌனே என்றால் முக்கால் என்று இவர் நேற்று நம் வழக்கத்தில் கூட்டிவிட்டார். நாம் முடிந்த மணியோடு முக்காலைச் சேர்க்கிறோம். இந்திக்காரர்கள் வரப்போகும் மணியிலிருந்து காலைக் கழிக்கிறார்கள். சிவப்புக் கட்டத்தில் இருந்த நாற்பது நிமிடம் இல்லவே இல்லை. தண்ணீர் இழுக்க ஆரம்பிக்கும்போது இவர்கள் சரியாக அந்த வாயில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். அவர் சாவியை மறந்துவிட்டுப் போனால்கூட நான் மாடிப்படியில் ஓடி, லிஃப்ட் கதவுக்கு முன்னால் போய் நின்று நீட்டுவேனே தவிரக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். பிறகு "தியாகு!" என்று கத்தினேன். பிறகு என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் காதிலும் அந்த உறை. ஒன்பது பக்கப் பிளானில், தண்ணீரிலிருந்து அவர்கள் எனக்குக் காட்ட வேண்டிய சைகைகள் ஆறு இருந்தன. கரையிலிருந்து நான் அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒன்றுகூட இல்லை.

செருப்போடு இறங்கினேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் குளிராகத் தெரியவில்லை, எரிந்தது. முழங்காலுக்கு வந்ததும் மூச்சு நின்று நின்று வந்தது. பாவம், இதற்காகவா மூன்று நாள் பாத்டப்பில் உட்கார்ந்தார் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. செருப்பு ஒன்று கழன்று போனது. சுடிதார் காலில் சுற்றிக்கொண்டது. தியாகு முகக் கண்ணாடியை இறக்கிவிட்டார். ரப்பர் குழாயை வாயில் வைத்துவிட்டார். சதக்கத்துல்லாவைப் பார்த்துக் கட்டை விரலைக் கீழே காட்டினார், இறங்கலாம் என்று. தியாகு குனிய, நான் அவர் முதுகுச் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டோம்.

எழுந்தவர் குழாயைத் துப்பினார். உறையைக் காதுக்கு மேலே தள்ளினார்.

"ராதா! என்ன பண்ற நீ? நீச்சலா தெரியும் ஒனக்கு?"

"பன்னெண்டே முக்கால் இல்ல. பதினொன்னே முக்கால்."

"எது?"

"பௌனே பாரா."

"பௌனேன்னா முக்கால், பாரான்னா பன்னெண்டு. பத்தொம்பது வருஷமா சைட்ல இந்தி பேசறேன், எனக்குத் தெரியாதா?"

"முக்கால் இல்லங்க, கால் கொறச்சல்! பன்னெண்டுக்குக் கால் கொறச்சல்!"

சதக்கத்துல்லாவும் உறையைத் தள்ளிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்த ஆளு பௌனே பாராண்டா சொன்னாரு? நீங்க எங்கிட்ட பன்னெண்டே முக்கால்ண்டுல்ல சொன்னீங்க?"

தியாகு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தாறு.

"அக்கா சொல்றதுதான் சரி. கரைக்குப் போயிருவோம் சார்," என்றார் சதக்கத்துல்லா. என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நடந்தவர் அவர்தான். அந்த அவசரத்தில் மிதவைக் கயிறு அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் காரின் ஹீட்டரைப் போட்டு என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். பல் அடித்துக்கொண்டே இருந்தது. தியாகு தன் ஜாக்கெட்டை எடுத்து என் மேல் போட்டார். அவர் முகம் இறுகியிருந்தது. பிறகு திரும்பி நின்று, சிலிண்டரை இறக்காமலே கடலைப் பார்த்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அந்த இரண்டு வருடத்து டிவி முதுகு அது. நான் தப்பாக இருந்தால்? ஹாரிஸ் ஏதோ பேச்சுக்குச் சொன்னதாக இருந்தால்? இவ்வளவு ஆசையாகக் கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டது மட்டும்தான் மிச்சம்.

சதக்கத்துல்லாதான் முதலில் வாயைத் திறந்தார். "சார், ஒரு சந்தேகம். போன வருஷம் அந்தக் கான்கிரீட் வண்டி டிரைவர், பட்டாணியன் குல்ஸமான். பௌனே பாஞ்ச்சுக்கு வர்றேண்டு சொல்லிட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கிறாண்டு திட்டித் தீர்த்தீங்களே..."

தியாகு மெல்லத் திரும்பினார்.

"நாலே முக்காலுக்கு சரியா வந்திருக்கான் சார் அவன்."

"ரெண்டு தடவ திட்டினேன்," என்றார் தியாகு. "ரெண்டாவது தடவ டீ வாங்கிக் குடுத்தான் எனக்கு. கோவிச்சுக்காதீங்க சாப்ன்னு."

சதக்கத்துல்லாவால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது, பல் அடித்துக்கொண்டே சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. தியாகு சிரிக்கவில்லை. ஆனால் சிலிண்டரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

பதினொன்று நாற்பத்தைந்து ஆனது. வளைகுடா குளம் மாதிரி நின்றது. அலைகூட இல்லை. நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. விட்டுவிட்டு வந்த ஆரஞ்சு மிதவை காற்றில் தள்ளிப்போய், இடைவெளிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, இப்போது காற்றுக்குக்கூட அசையாமல் நின்றது. அதன் கயிறு அடியில் எதிலோ சிக்கியிருக்க வேண்டும்.

"ஒண்ணுமே ஆகல," என்றார் தியாகு. கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "இந்நேரம் படகப் பாத்துட்டுத் திரும்பிருப்போம்."

நான் காரை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

மிதவை தலை சாய்ந்தது. யாரோ கீழேயிருந்து சுண்டி இழுத்த மாதிரி ஒருமுறை முங்கி எழுந்தது. கருங்கல் சுவர் ஓரமாகத் தண்ணீரில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தது. பிறகு கயிறு விடுபட்டு மிதவை நகர்ந்தது. முதலில் நடக்கிற வேகம், அப்புறம் ஓடுகிற வேகம். தியாகுவின் கட்டை விரல் தன்னால் ஸ்டாப்வாட்சை அழுத்தியதைப் பார்த்தேன். கற்களுக்கு நடுவே நுரை கிளம்பியது. இங்கே வரைக்கும் இரைச்சல் கேட்டது. மிதவை ஒரு பக்கத்துக் கல்லில் மோதி, எகிறி, அந்த வாய்க்குள் முங்கியது. கொஞ்ச நேரம் காணோம். அது வெளியே வந்தபோது சுவர்களைத் தாண்டிப் பெருங்கடலில் இருந்தது.

"நாப்பது செகண்ட்," என்றார் தியாகு. அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அந்தத் தூரத்துக்கு நாங்க அஞ்சு நிமிஷம் போட்டிருந்தோம்."

சதக்கத்துல்லா மணலில் அப்படியே உட்கார்ந்து முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். எனக்கு உடம்பில் இருந்த எல்லா முடிச்சும் ஒரே நேரத்தில் அவிழ்ந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கரையில் நிற்கிறார், முழுசாக, தொப்பையோடு. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தியாகுவின் கை என் ஈரத் துப்பட்டாவின் முனையைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஹீட்டர் ஓடும் காரின் கதவு திறந்தே கிடந்தது. தூரத்தில் அந்த ஆரஞ்சுப் புள்ளி அலையில் ஏறியது, இறங்கியது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒவ்வொரு முறை தெரியும்போதும் முன்பைவிடச் சிறியதாக, கரையிலிருந்து இன்னும் தள்ளி.